ராகு காலத்தில் ஸ்னூக்கர்

ஞாயிற்றுக்கிழமை மாலை மணி நான்கு இருபது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நிமிடத்தில்தான் மலாக்காவில், காஜா பேராங்கில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் துள்ளிக் குதித்து வாசல் பக்கமாக உருண்டது. இன்றைக்கும் சுவர்க் கடிகாரம் நாலு இருபதைக் காட்டினால் என் உள்ளங்கை வேர்க்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி சரியான அடி. பழம்தான் சரியில்லை.

பெண்ணைப் பெற்றவளுக்கு ஸ்னூக்கர் எதற்கு என்று கேட்பவர்கள் என் வீட்டுக்காரரைப் போய்க் கேட்கட்டும். அவர் அரசாங்கக் குமாஸ்தா. பகலெல்லாம் கோப்புகளைப் பார்த்துவிட்டுக் கண் எரிய வீட்டுக்கு வருவார். நான் கான்வென்ட்டில் சீனியர் வகுப்பு வரை படித்தவள். அதனால் ஆங்கிலப் பத்திரிகையை உரக்க வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அரசியலை ஓட்டமாக ஓடிக் கடந்து விளையாட்டுப் பக்கத்துக்கு வந்துவிடவேண்டும். அதிலும் ஸ்னூக்கர் செய்தி இருந்தால் இரண்டு தடவை வாசிக்கவேண்டும். சில மாதங்களில் எனக்கும் அது பிடித்துப்போனது. பிறகு அவரைவிட எனக்கு அதிகமாகவே பிடித்துப்போனது. (அவர் குறட்டை விட்ட பிறகும் நான் வாசித்துக்கொண்டிருந்ததற்கு அவரே சாட்சி சொல்ல முடியாது, பாவம்.)

பக்கத்து வீட்டு ராஜா பிள்ளையும் சாயங்காலத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் மலாக்கா சிட்டி இனத்தவர். பெயர் தமிழ், சாமி தமிழ், வாயைத் திறந்தால் மலாய். ஆகவே நான் ஆங்கிலத்தில் வாசித்து, என் வீட்டுக்காரருக்குத் தமிழிலும் பிள்ளைக்கு மலாயிலும் சொல்வேன். ஒரே பந்து எங்கள் வீட்டில் மூன்று மொழிகளில் குழிக்குள் விழும்.

இதில் வெட்கப்படவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எங்கள் மூவரில் ஒருவரும் அந்த ஆட்டக்காரர்களை நேரில் பார்த்ததில்லை. நான் மேசையையே சரியாகப் பார்த்ததில்லை. ஒரு நாள் கிளப்புப் பக்கமாக நடந்துபோகும்போது ஜன்னல் வழியாக ஒரு பச்சை ஓரம் தெரிந்தது. அவ்வளவுதான். அந்தப் பச்சையை வைத்துக்கொண்டு, இந்த உலகத்தில் யார் எந்தப் பந்தை எப்படித் தள்ளவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் சிங்கப்பூரில் பெரிய போட்டி வைத்தார்கள். காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கப்பலேறி வரப்போகிறார்கள் என்று பத்திரிகை எழுதியது. யார் ஜெயிப்பார்? எங்கள் முன்வாசலில் வேறு பேச்சே இல்லை. பெயர்கள் பிள்ளையின் வாயில் நுழையாததால் ஊரையும் கையையும் வைத்தே அடையாளம் சொல்வோம். என் ஆள் இங்கிலாந்துக்காரர், வயதானவர், இடக்கையால் ஆடுபவர். அவசரமே கிடையாது. அடிக்க வழி இல்லையென்றால் வெள்ளைப் பந்தை இன்னொன்றின் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். எதிராளி திருதிருவென்று விழிப்பார். அதுவல்லவா ஆட்டம்! பிள்ளைக்கு ஆஸ்திரேலியாக்காரர். துப்பாக்கிக் குண்டு மாதிரி அடிப்பாராம். பம்பாயிலிருந்தும் ஓர் இளைஞர் வருகிறார் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். கடைசி வரியை யார் கவனித்தார்கள்?

இதே சமயத்தில்தான் என் மகள் சாரதாவைப் பார்க்க செமாபோக்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு வரன்களையும் அவளே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எனக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகியிருந்தது. இந்தப் பையனைக் கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். "சரிம்மா" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை. இது தவறினால் அவள் இன்னொரு முறை அந்தச் சொல்லைச் சொல்வாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஆகையால் ஆறு மணிக்கு மேல் வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நாலு மணிக்கே எல்லாம் தயார். லட்டு பிடித்தாயிற்று. சாரதாவின் பச்சைப் பட்டுப்புடவையை மேசைமேல் விரித்து இஸ்திரி போட்டு அப்படியே வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் குளிக்கப் போனார். பந்தல் போட்டு முடித்ததுபோல் மனசு ஓய்ந்து உட்கார்ந்த நேரம் பார்த்து ராஜா பிள்ளை வந்தார்.

"அக்கா, உங்க ஆளு வெள்ளப் பந்தைத் திருப்பி இழுக்கிறாருன்னு சொன்னீங்களே. மானா போலே!" என்று தன் மலாயில் கேட்டார். எப்படி முடியும் என்கிறார். முன்னால் அடித்த பந்து எப்படிப் பின்னால் வரும்? பத்திரிகைக்காரன் கதை விடுகிறான் என்றார்.

என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இடக்கைக்காரரைச் சொல்லிவிட்டார்.

மேசைமேல் பச்சைப் பட்டு. பக்கத்தில் தாம்பாளம் நிறைய லட்டு. மூலையில் கழற்றி வைத்த கொசுவலைக் கம்பு. (இவையெல்லாம் ஒரே அறையில் இருந்தது என் குற்றமா?) லட்டுகளை முக்கோணமாக அடுக்கினேன். வெள்ளைப் பந்துக்கு உருண்டையாக வேறொன்றும் கிடைக்காமல், வெற்றிலைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசைமேல் குனிந்து, ஒரு கண்ணை மூடி, பழத்தின் அடிவயிற்றில் ஒரே தட்டு.

பழம் லட்டைத் தொட்டது. திரும்பி வரவேண்டியது மேலே எழும்பியது. கூடத்தைத் தாண்டியது. திறந்திருந்த வாசலில் வலது காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் கணுக்காலில் பட்டு, அவர் பாதத்தை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா. பின்னால் மாப்பிள்ளையின் அப்பா. இரவல் வாங்கிய காரைச் சீக்கிரம் திருப்பித் தரவேண்டியிருந்ததால், ராகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பையனை அழைத்து வரவில்லை. பெரியவர்கள் முதலில் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம்.

நான் கொசுவலைக் கம்போடு மேசைமேல் படுத்திருக்கிறேன்.

"ஐயோ! எலுமிச்சம்பழத்தக் காலடியில உருட்டி விடுறாங்களே!" என்று அந்த அம்மாள் அலறினார். "கையில கோலு வேற! இது என்ன சூனியமா, செய்வினையா? வாங்க, கெளம்புங்க. ஒரு நிமிசம் இங்க இருக்கப்படாது!"

ராஜா பிள்ளை என்னைக் காப்பாற்றுவதற்காக முன்னால் பாய்ந்தார். இது எங்கள் 'ஆடாட்', பெரியவர்கள் வந்தால் எங்கள் வழக்கப்படி பழம் உருட்டித்தான் வரவேற்போம் என்று மலாயில் சத்தியம் செய்தார். (அவர் இனத்தில் அப்படி ஒரு வழக்கம் அன்றுதான் பிறந்தது. அன்றே செத்தும் போனது.) சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் காதில் சோப்பு நுரையோடும் இடுப்பில் துண்டோடும் ஓடி வந்து, அந்தக் கோலத்திலேயே, "வாங்க, வாங்க" என்று கைகூப்பினார்.

மாப்பிள்ளையின் அப்பா தோட்டத்தில் கிராணியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டக் கணக்கெல்லாம் எழுதிய மனிதருக்கு நேரம் தவறினால் பிடிக்காது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெளம்ப முடியாது," என்றார். "கார்ல ஏறி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள நாலர ஆயிரும். ராகு காலத்துல பயணம் வேணாம்."

"அப்ப நான் வெளிய நிக்கிறேன்."

"வெளிய போறதும் கெளம்புறதுதான். உக்காரு."

இப்படித்தான், என்னைக் கண்ட மாத்திரத்தில் ஓட நினைத்தவர்கள் ஒன்றரை மணி நேரம் என் கூடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாள் மறுபடி ஏதாவது உருண்டு வந்துவிடுமோ என்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். கிராணியார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலப் பந்து எங்க?" என்றார் திடீரென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கெடைக்கலீங்க. சங்குப்பூவச் சுருட்டி வைக்கலாம்னு இருந்தேன்."

"இழுப்பு அடியா?"

"ஆமாங்க."

"பந்தோட அடிவயித்துல தட்டணும். நீங்க நடுவுல தட்டிட்டீங்க."

"அடிவயித்துலதாங்க தட்டுனேன். எலுமிச்சைக்கு மூக்கு இருக்கு. அதான் தவ்விருச்சு."

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். என் உயிர் திரும்பி வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்தான், "சரி, சிங்கப்பூர்ல யாரு?" என்று கேட்டார்.

"இடக்கைக்காரர்," என்றேன்.

"ஆஸ்திரேலியாதாம்மா. அதுல பேச்சே இல்ல."

ராஜா பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. 'ஆஸ்திரேலியா' மட்டும் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கிராணியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரோகி.

"அவரு அடிக்கிறது பட்டாசுங்க," என்றேன். "சத்தம் வரும். சமையல் ஆகாது."

"உங்க ஆளு ஒரு அடிக்கு முன்னால மேசைய மூணு சுத்து சுத்துறாரு. அது என்ன கோயிலா, பிரதட்சணம் பண்ண?"

"நின்னு நிதானமா ஆடுறவங்கதாங்க கடைசி வரைக்கும் நிப்பாங்க."

"நிப்பாரு. மத்தவன் கோப்பைய வாங்கும்போது கை தட்டிக்கிட்டு நிப்பாரு."

சட்டை மாட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். காதில் மெதுவாக, "ஆஸ்திரேலியான்னு சொல்லித் தொலையேன், தனம். உன் பொண்ணு வாழ்க்கை," என்றார்.

எனக்குத் தெரியாதா? அறைக் கதவுத் திரைக்குக் கீழே சாரதாவின் பாதங்கள் தெரிந்தன. ஒரு விரல் இன்னொரு விரல்மேல் ஏறி நின்றது. பயம் வந்தால் அவள் குழந்தையிலிருந்தே அப்படித்தான் நிற்பாள். ஒரே ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் போதும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். ஆயிரமும் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். இடக்கைக்காரர் தோற்பார் என்ற அந்த ஒரு பொய்தான் வாயில் வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் தாய்க்குச் சொந்த அபிப்பிராயமே இருக்கக்கூடாதா? நாடே அப்போதுதான் சுதந்திரம் வாங்கியிருந்தது!

"இடக்கைக்காரர்தான்," என்றேன், முன்னைவிடச் சத்தமாக.

ராகு காலத்தில் பெண் பார்க்கக்கூடாது. ஆனால் தொண்டை காய்ந்துவிட்டது என்று கிராணியாரே, "பொண்ணக் காட்ட வேணாம். காப்பி மட்டும் கொண்டாரட்டும்," என்று ஒரு வழி சொன்னார். பச்சைப் பட்டில் நெய் ஏறிவிட்டதால் சாரதா வீட்டில் கட்டும் நீலப் பருத்திப் புடவையில் காப்பியோடு வந்தாள். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவேண்டிய மனிதர், "நீ சொல்லும்மா. நானா, உங்கம்மாவா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"பம்பாய்க்காரரு," என்றாள். "நம்ம ஊரு புழுக்கத்துல மேசைத் துணி ஈரம் கோத்துக்கும், பந்து சரியா ஓடாதுன்னு அம்மா ஒரு நாள் வாசிச்சாங்க. மத்தவங்களுக்கு அது புதுசு. அவருக்குப் பழக்கம்."

கிராணியார் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மாலை நாங்கள் இருவரும் ஒத்துப்போனது, பம்பாய்க்காரர் ஜெயிக்கமாட்டார் என்ற அந்த ஒன்றில்தான். காலைத் தூக்கி உட்கார்ந்திருந்த அம்மாள்கூட முகம் தெளிந்து, "இதுக்காவது ஒண்ணும் தெரியல. நல்லது," என்றார்.

ஆறு அடித்தது. எழுந்தார்கள். வெற்றிலைத் தட்டை நீட்டினேன். அந்த அம்மாள் அதில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சொல்லியனுப்புறோம்," என்று கிராணியார் சொல்ல, கார் போய்விட்டது. பெண் வீட்டாருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும்.

அதன்பின் வாரங்கள் போயின. செமாபோக்கிலிருந்து ஒரு காக்கைகூட வரவில்லை. என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, வேண்டியதையெல்லாம் ராஜா பிள்ளையிடம் சொல்லி, பிள்ளை அதை எனக்கு மலாயில் சொன்னார். சாரதா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. நெய்க்கறை படிந்த பட்டை இரவெல்லாம் கடலைமாவு போட்டுத் தேய்த்தேன். கறை போகவில்லை.

சிங்கப்பூர்ப் போட்டி முடிந்த செய்தியையும் நான்தான் வாசித்தேன். ஆஸ்திரேலியாக்காரர் இரண்டாம் ஆட்டத்திலேயே வெளியே. இடக்கைக்காரர் அரையிறுதி வரை நின்றார். துணி நமுத்து, இழுத்த பந்து பாதி வழியில் நின்றுவிட்டதாம். கோப்பை பம்பாய்க்குப் போனது. வாசித்து முடித்துத் திரும்பினேன். சாரதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் அவள் சிரித்தாள், நான் பார்த்தேன்.

வருடங்கள் போய்விட்டன. இப்போதும் நான் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தால் போதும், வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது மகளுக்கு வரன் பார்க்கும் நாட்களில் என் வீட்டுக்காரர் கொசுவலைக் கம்பைப் பிள்ளை வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார். நீ அன்றைக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று இன்றும் சொல்கிறார்கள். மாட்டேன். துணி மட்டும் காய்ந்திருந்தால் இடக்கைக்காரர்தான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சிங்கப்பூர்ச் செய்தி வந்த அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை. மணி ஐந்து. ராகு காலத்தின் நட்டநடு. வாசலில் கார்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கிராணியார் இறங்கினார். பின்னால் அந்த அம்மாள், தரையை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்தார். அவர் கையில் பூவும் வெற்றிலையும்.

"இந்த நேரத்துலயா?" என்றேன்.

கிராணியார் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்ட விட்டுக் கெளம்புனது நல்ல நேரத்துலதான். வழியில டயர் பஞ்சர். பரவால்ல, சம்பந்தம் பேசுறது ஆறு மணிக்கு மேல," என்றார். "அதுவரைக்கும் சும்மா எதுக்கு உக்காந்திருக்கணும்? மருமகளக் கூப்பிடுங்க. அடுத்த போட்டிக்கு யாருன்னு கேப்போம்."