செடிக்குப் பத்துப் புழு

ஒரு காட்டில், அதிகாரி உட்காராத கிளையே இல்லாத காட்டில், குப்பாயி என்றொரு முயல் உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். அடைமழைக் காலம் முழுக்க அவள் குட்டிகளுக்கு அதுதான் சோறு. செடி தழைத்து வரும்போது பாழாய்ப்போன புழு விழுந்துவிட்டது.

மருந்து அரசாங்கத்திடம்தான் இருந்தது. செடிக்குப் பத்துப் புழு இருந்தால்தான் தருவார்கள். அதற்குக் குறைந்தால் விளைச்சல் கெடாதாம். வயலைக் கண்ணால் பார்க்காத சிங்கம் ஒன்று சொல்லிவைத்தது. மருந்து வருவதற்கு முன்னால் ஒரு புழுவை நசுக்கினாலும் குற்றம்.

எண்ண வந்தவர் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி தணிகாசலம், கொக்கு. செடியை உலுக்கினார். பன்னிரண்டு விழுந்தன. குப்பாயிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பெரிய மனுஷர் மூன்றை மாதிரிக்கு என்று விழுங்கிவிட்டு, மீதியை நிதானமாக எண்ணினார்.

“ஒன்பதுதாம்மா இருக்கு.”

“அய்யா, இப்ப நீங்க முழுங்கினது?”

“அது ஆய்வுக்குப் போயிடுச்சு.”

குப்பாயி என்ன செய்வாள், பாவம்! பக்கத்து வயல் மாசானம் என்ற பெருச்சாளியுடையது. விதைத்ததோடு சரி, வளைக்குள் போய்க் குறட்டை விடுபவன். அவன் செடிகளில் இருந்த புழுவையெல்லாம் கூடை கூடையாகப் பொறுக்கி வந்து தன் வயலில் விட்டாள். இலை வாடினால் புழு போய்விடுமே என்று தண்ணீர் வேறு பாய்ச்சினாள். பெற்ற குட்டிகளைக்கூட அவள் அப்படிக் கவனித்ததில்லை.

மறுபடி வந்த கொக்கு வயிறு முட்ட மாதிரி எடுத்தும் செடிக்கு இருபது மிஞ்சின. இப்போதுதான் தகுதி வந்திருக்கிறது என்று மெச்சிவிட்டுப் போனார். மருந்து வந்து சேர்ந்தபோது வயலில் வெறும் தண்டுதான் நின்றது. தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்கு. வெட்கமே இல்லாமல் அந்தத் தண்டுக்கும் மருந்தடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாசானம் வயலில் கிழங்கு கொழித்தது. பூச்சி மேலாண்மைச் செம்மல் என்று பட்டம் கொடுத்தார்கள். தூக்கக் கலக்கத்தோடு வந்து மாலையை வாங்கிக்கொண்டான். மழை பிடித்துக்கொண்ட அன்று குப்பாயி அவன் வாசலில் போய் நின்றாள்.

“குட்டிங்க பட்டினி, அண்ணே. ஒரு கூடை கிழங்கு குடு. உன் வயல் புழுவெல்லாம் பொறுக்கினது நான்தான்.”

மாசானம் யோசித்தான். பிறகு கொக்கைக் கூப்பிட்டு அனுப்பினான்.

“என் புழுவை இவ என்னைக் கேக்காமலே எடுத்திருக்கா, சார்.”

குப்பாயி இப்போது உள்ளே இருக்கிறாள். குட்டிகள் வெளியே நனைந்துகொண்டிருக்கின்றன.

நீதி: புழுவை ஒழிக்க விரும்புகிறவர் முதலில் அதை வளர்த்து ஆளாக்க வேண்டும், அதுவும் சொந்தப் புழுவாக இருக்க வேண்டும்.