கண்ணுக்குள் விட்ட மருந்தும் ஆவக்காய்ச் சீசனும்

சிரஞ்சீவி சூரிபாபுவுக்கு, விஜயநகரத்திலிருந்து உன் பாவா பைடிராஜு மனமார ஆசீர்வதித்து எழுதுவது. பைடிதல்லி அம்மன் தயவில் நானும் உன் அக்கா நூகரத்னமும் இங்கே ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அனகாபள்ளியில் நீயும் உன் தையல் மெஷினும் சுகம்தானே? போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். போன் அடித்தால் உன் அக்காதான் பாய்ந்து எடுக்கிறாள், எடுத்ததும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

"பாவா, முதல்ல நீங்க கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கோங்க, நல்லா இருந்தா நானும் பண்ணிக்கறேன்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாய் அல்லவா, அதற்குப் பதில் எழுதுகிறேன். ஊசியில் நூல் கோக்க வாடிக்கைக்காரர்களையே கெஞ்சுகிறாயாம். கண் போனால் கடையை மூட வேண்டியதுதான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொல்கிறேன், பண்ணிக்கொள்ளாதே. வலி ஒன்றும் இல்லை. ஆனால் விஷயம் சரியில்லை.

என்ன நடந்தது என்றால், டாக்டர் சுவர்ணலதா, அந்தப் பொண்ணுக்கு நம்ம வீட்டுப் பிள்ளைகள் வயசுகூட இருக்காது, என் வலது கண்ணை மரத்துப்போக வைத்து, பழுப்பாக எதையோ ஊற்றிக் கழுவி, புரையை எடுத்து லென்ஸை வைத்துவிட்டாள். நானும் பேசாமல் படுத்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் நர்ஸைப் பார்த்து, "அந்த ஆன்டிபயாடிக்கைக் குடும்மா" என்றாள் பார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுசு முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். வண்டி கிளம்பும் நேரத்தில் கடைசியாக ஏறுகிறவனை விடுவேனா? "அது எதுக்கம்மா?" என்று படுத்தபடியே கேட்டேன். "கண்ணுக்குள்ள கிருமி தங்கிச் சீழ் பிடிக்காம இருக்கத்தான் தாத்தா. பேசாதீங்க, ஆடாதீங்க." "கிருமி எங்கேர்ந்து வரும்? உங்க ஆஸ்பத்திரியிலயா?" "பெரும்பாலும் உங்க இமையிலேர்ந்துதான் வரும்." என் இமையிலிருந்தாம்! தினம் இரண்டு வேளை குளிக்கிறவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஆபரேஷன் சுத்தமாக நடந்திருந்தால் கிருமிக்கு மருந்து எதற்கு? எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார்கள், அதை மறைக்க என் இமைமேல் பழியைப் போடுகிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அதோடு விட்டார்களா? உள்ளே விட்டது போதாதென்று வீட்டுக்கும் ஒரு சொட்டு மருந்து. கண்ணில் விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறது! கண்ணில் ஏறினவன் தொண்டையில் இறங்குகிறான் என்றால் அது என்ன ரூட்டு? உன் அக்காவிடம் சொன்னால், "கசந்தா என்ன, நாக்குக்கா விட்டேன்?" என்கிறாள். அவள் சொட்டு விடும்போது பாதி கன்னத்தில் வழிகிறது. வழிந்ததையும் கணக்கில் சேர்த்து, "விட்டாச்சு, போங்க" என்கிறாள். பாட்டிலில் மருந்து குறைகிறதா என்று பேனாவால் கோடு போட்டு வைத்தேன். அடுத்த வேளை பார்த்தால் கோட்டைக் காணோம். கேட்டால் பாட்டிலைத் துடைத்தாளாம்.

பத்தியத்தைக் கேள். பக்கத்து வீட்டு அப்பலகொண்டா வந்து, "அண்ணா, பருப்பு மட்டும் தொட்டுடாதீங்க, கண்ணுல சீழ் வச்சுடும்" என்று எச்சரித்துவிட்டுப் போனான். நம் பக்கத்தில் புண் என்றால் பருப்பு ஆகாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். டாக்டரோ, "எல்லாம் சாப்பிடலாம்" என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறாள். சீழ் பிடித்தால்தானே அவளுக்குப் பிழைப்பு? உன் அக்கா அவள் கட்சி. வேண்டுமென்றே மாங்காய்ப் பருப்பு செய்து நெய்யும் ஊற்றித் தட்டில் வைத்தாள். நான் ரசத்தோடு எழுந்துவிட்டேன். அந்த வாசனையில் எழுந்திருக்க என்ன மனவுறுதி வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று வீட்டில் ஆவக்காய் ஊறுகாய் கலந்தார்கள். மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி, நல்லெண்ணெய் எல்லாம் பேசினில் தயார். உப்பு சரியா என்று வருஷா வருஷம் பார்க்கிறவன் நான்தானே? "இந்தப் பக்கம் வராதீங்க" என்று உன் அக்கா விரட்டினாள். விரட்டினால் சந்தேகம் வருமா வராதா? அவள் உள்ளே ஜாடி எடுக்கப் போன நேரம் பார்த்துக் கையை விட்டு நன்றாகக் கலந்து, ருசி பார்த்து, கையைத் தண்ணீரில் அலசி வேட்டியில் துடைத்துக்கொண்டேன். உப்பு கம்மிதான். பிறகு சொட்டு மருந்து நேரம். அவளை நம்பாமல் நானே கீழ் இமையை விரலால் இழுத்து மருந்தை விட்டேன். ஐயோ சூரி! நெருப்பு! கண் ரத்தமாய்ச் சிவந்து கண்ணீர் கொட்டியது. மருந்து விட்டதும் எரிந்தது, ஆகவே மருந்துதான் காரணம், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உன்னிடம் மறைப்பானேன், பயந்துவிட்டேன். கண் போய்விட்டது, இனி உன் அக்கா முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று நினைத்து ஒரு பாட்டம் அழுதேன். அந்த அழுகையில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. சிவப்பு இன்னும் போகவில்லை.

ஆகவே, தம்பி, ஊசிக்கு நூல் கோக்க யாரையாவது வைத்துக்கொள், ஆபரேஷன் பக்கம் மட்டும் போகாதே. உன் மனைவி மக்களுக்கு என் ஆசிகள். தெய்வம் உங்கள் எல்லோர் கண்ணையும், முக்கியமாகக் கத்தி படாத கண்ணை, காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாவா
பைடிராஜு

பி.கு.: கடிதத்தைப் பெட்டியில் போடக் கிளம்பினவனை உன் அக்கா என் கண்ணைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் மெஷினில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். கடைசியில், "கிருமி ஒண்ணும் இல்ல தாத்தா, உள்ள சுத்தமா இருக்கு. நேத்து வீட்டுல ஆவக்காயா?" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். "இப்படிச் சிவந்தா உடனே ஓடி வர வேண்டாமா? சீழ் பிடிச்சிருந்தா பார்வையே போயிருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவாம கண்ணைத் தொடாதீங்க" என்று ஒரு பிடி பிடித்தாள். உன் அக்கா ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே காத்திருக்கும்போது குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். சங்கராந்திக்கு நீ தைத்துக் கொடுத்தது. ஊரெல்லாம் காட்டி மெச்சிக்கொண்டிருந்தேனே, அதே சட்டை. பாக்கெட்டுத் தையல் கோணிக்கொண்டு போகிறது. காஜா ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம். வெள்ளைச் சட்டைக்கு நீல நூல். தைத்த உனக்கும் தெரியவில்லை, போட்டுக்கொண்ட எனக்கும் தெரியவில்லை. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை, சூரி. எழுந்துபோய் என் இடது கண்ணுக்கும் உன் வலது கண்ணுக்கும் ஒரே நாளில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மறுபேச்சுப் பேசாமல் வந்து சேர். கடைசியில் உள்ளே விடுகிற அந்த மருந்தை இரண்டு பேருக்கும் மறக்காமல் விடச் சொல்லி டாக்டரிடம் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.