திலகவதி நடத்திய தீ ஒத்திகை

ஆரணி,
12.3.1999

அன்பு மாப்பிள்ளை ஜெயக்குமார் அவர்களுக்கு, மாமனார் வீரபாகுவின் ஆசீர்வாதம். உங்கள் சுகத்துக்கும் ஹேமலதாவின் சுகத்துக்கும் தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறோம். விளக்கை இப்போது தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்துத்தான் ஏற்றுகிறோம். இங்கு அனைவரும் நலம். வீடும் இன்றுவரை எரியவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடுப்புப் பக்கத்துல மண்ணெண்ணெய், நடைவழியெல்லாம் நூல் மூட்டை, பின்கதவு எங்க இருக்குன்னே தெரியல. நெருப்புப் புடிச்சா புள்ளத்தாச்சி எப்படி மாமா வெளிய வருவா? சரி பண்ணுங்க, அப்பதான் பிரசவத்துக்கு அனுப்புவேன்" என்று சொல்லிப் போனீர்கள். தலைப் பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால் நான் தெருவில் எப்படித் தலைகாட்டுவது? எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். உங்கள் அத்தை திலகவதி கோபப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. நூல் மூட்டைகளை ஒற்றை ஆளாக நகர்த்திப் பின்கதவைத் திறந்தாள். அது திறக்கும் என்பதே எனக்குத் தெரியாது, இத்தனைக்கும் நான் பிறந்த வீடு. மண்ணெண்ணெய் டின் தோட்டத்துக்குப் போயிற்று, தறிக்கு மேலே தொங்கிய பழைய ஒயர் குப்பைக்குப் போயிற்று. பட்டு வியாபாரி குப்புராஜ் வழக்கம்போல ஒரு இழையைப் பிய்த்து, அசல் பட்டா என்று தீக்குச்சியில் பொசுக்கி மோந்து பார்க்கப் போனார். "அதெல்லாம் தெருவுல வச்சிக்குங்க" என்று அவரை வெயிலுக்கு அனுப்பிவிட்டாள். அப்பேர்ப்பட்ட மனுஷன் தெருவில் நின்று இழையைப் பொசுக்கினார்.

அப்புறம் தீயணைப்பு நிலையத்துக்கே போய் விசாரித்துகினு வந்து, ஒத்திகை என்றாள். ஹேமலதாவுக்குப் பதில் அவளே வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு உள் அறைக் கட்டிலில் படுத்து, "நெருப்பு! நெருப்பு!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தறிக்குழியில் இருந்த எனக்கு ஒத்திகை என்பதே மறந்துபோச்சு. பாதி நெய்த முகூர்த்தப் புடவையோடு தறியில் கட்டிய பாவு நூலையும் கழற்றிச் சுருட்டினேன், மகன் ஹேமநாத் ஜரிகைப் பெட்டியைத் தூக்கினான், எதிர்வீட்டு ரங்கசாமி குடும்பத்தோடு உள்ளே பாய்ந்து கையில் கிடைத்த பட்டையெல்லாம் வாரினார், எங்கள் தெருவில் நெருப்பு என்றால் எல்லார் கையும் முதலில் பட்டுக்குத்தானே போகும். கண்ணை மூடித் திறப்பதற்குள் மொத்தச் சரக்கும் தெருவுக்கு வந்துவிட்டது, ஒரு இழை அறவில்லை. பெருமையாக மூச்சு வாங்கிகினு நிற்கிறோம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, நான் இன்னும் எரிஞ்சிகினு இருக்கேன்."

முதலில் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிஷம் புடவையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அந்தக் கட்டிலில் நம்ம ஹேமா படுத்திருந்தால்?

அவள் யாரையும் திட்டவில்லை. "மறுபடியும்" என்றாள். பட்டைத் தொட்டவனுக்குச் சோறு கிடையாது என்றாள். சாயங்காலத்துக்குள் ரங்கசாமி தரையில் கிடந்த பாவு நூலைத் தாண்டிக் குதித்துப் போய்க் கட்டிலைத் தூக்கினார். நெசவுக்காரன் பட்டைத் திரும்பிப் பாராமல் ஓடுவதை இந்த ஊரில் நான் அன்றுதான் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, இவள் யார் என்று எனக்கு இப்போதுதான் தெரியுது மாப்பிள்ளை. பிரமிச்சுப் போய் உட்கார்ந்திருக்கேன்.

ஆகவே பயமில்லாமல் ஹேமலதாவை அனுப்பி வையுங்கள். படவேடு ரேணுகாம்பாள் உங்கள் இருவரையும், வரப்போகும் பிள்ளையையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வீரபாகு

பி.கு.: உறையை ஒட்டுமுன் திலகவதிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றவள், திடீரென்று, "மாப்ள வூடு மூணாவது மாடி. ஒரே படிக்கட்டு, அதுலயும் சைக்கிளும் சாமானுமா அடச்சி வச்சிருக்காங்க. பொண்ண அங்க எப்படிங்க வுட்டு வச்சோம்?" என்றாள். இப்போதே பஸ்ஸுக்குக் கிளம்பிகினு இருக்கிறாள். ஹேமாவைக் கையோடு அழைத்து வந்துவிடுவாளாம். பிள்ளை பிறந்த பிறகு திருப்பி அனுப்புவது, நீங்கள் உங்கள் வீட்டைச் சரி பண்ணிய பிறகுதானாம். கடிதத்தையும் அவளே கொண்டுவருகிறாள், இதை நீங்கள் படிக்கும்போது எதிரில்தான் நிற்பாள். பதில் பேசாதீர்கள் மாப்பிள்ளை, ஜல்தியாகப் போய்ப் படிக்கட்டைக் காலி பண்ணுங்கள்.