என் செல்கள் திறந்துவிட்ட கதவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் ரத்தத்திலுள்ள செல்களைத் தவிர. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

உனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த பிறகுதான் என் மகள் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தாள். போன மாதம் எனக்கும் உன் அண்ணிக்கும் ரத்தம் எடுத்துப் போனாள். நோயை எதிர்க்கிற செல்களை மட்டும் பிரித்துக் கிண்ணத்தில் வைத்து, அதில் வைரஸை விட்டுப் பார்த்தாளாம். உன் அண்ணியின் செல்களுக்குள் நுழைய முடியாமல் அது திணறியிருக்கிறது. என்னுடையதில்? வாசலில் நின்ற ஒரு புரதம் கதவைத் திறந்துவிட, உள்ளேயிருந்த இன்னொன்று கையைப் பிடித்து நடுக்கூடம் வரை கூட்டிப்போய் உட்காரவைத்ததாம். எல்லாமே என் செல்கள் தாமே தயாரித்த புரதங்கள், தம்பி! கிடங்கு வாசலில் சோதனை அதிகாரியாக இருந்தவன் நான்; அனுமதிச் சீட்டு இல்லையென்று முதலாளியின் மாப்பிள்ளையையே வெயிலில் நிற்கவைத்தவன். எனக்கா இந்தத் தலைகுனிவு?

"வைரஸ் கிண்ணத்துலதாம்ப்பா இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் மகள். அது எனக்குத் தெரியாதா? உன் அண்ணி வேறு, "இந்த வீட்டுல யாரு உஷாருன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, எதிர்வீட்டுத் தையல்காரரிடமும் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பாவமாகப் பார்க்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குள் அது நுழைந்தபோதும் இப்படித்தான் தடுக்க ஆளில்லாமல் போயிருக்கும் என்றுதான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

இப்போது மறுபடியும் ரத்தம் வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். என் மானத்தைக் கிண்ணத்தில் போட்டு வேடிக்கை பார்க்க வேறு ஆளைத் தேடட்டும். நீ சொன்னால் கேட்பாள், எடுத்துச் சொல்.

நோய்நொடி இல்லாமல் இரு என்று எழுதக் கை வரவில்லை. நன்றாக இரு.

இப்படிக்கு,
உள்ளுக்குள் கோட்டைவிட்ட
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். "உங்க செல்லு சுலபமா மாட்டிக்கறதாலதாம்ப்பா அது வேணும். ஒவ்வொரு புரதமா எடுத்துட்டுப் பாத்தா, எது கதவைத் திறக்குதுன்னு புடிச்சு, அதை அடைக்க மருந்து தேடலாம். சித்தப்பாவும் நீங்களும் ஒரே ரத்தம். ஆனா அவர் உடம்புல ஏற்கெனவே வைரஸ் இருக்கே, அதனால உங்க ரத்தத்துலதான் பாக்க முடியும்" என்றாள். வலது கையில் நரம்பு அகப்படவில்லை; இடது கையை நீட்டினேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அவள் கண்டுபிடிக்கிற அன்றைக்கு நீ இருக்கவேண்டும், தம்பி. மாத்திரையை விட்டுவிடாதே.