ஷேடு அண்ணன் பார்த்த பல்

இரண்டு வெள்ளைத் துணிகளைக் காட்டி, "ரெண்டும் ஒண்ணுதானே" என்று எங்கள் ஷேடு அண்ணனிடம் சொல்லித் தப்பித்தவர் திருப்பூரில் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் பனியன் கம்பெனியில் லாட் லாட்டாகச் சாயம் ஏறி வரும் துணியின் நிறம் சரிபார்ப்பது அவர் வேலை. அசல் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்காவது ஞாபகமிருந்ததா, சந்தேகம்தான். கல்யாணப் பந்தியில் சோற்றை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "ஏனுங்க, போன கரண்டியும் இதும் ஒரே லாட் இல்லீங்களே?" என்று பரிமாறியவரைக் கலங்கடித்த மனுஷன்.

மூன்றாம் வகுப்பு படித்த அவர் மகளுக்கு முன்பல் சொத்தையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்யப்போய், பிள்ளை சிரிப்பதையே விட்டுவிட்டாள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. என் காரில்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

"பல்லு நிறத்துலயே அடைச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா.

"அதேதானுங்க வேணும்! பனியன்ல பாடி ஒரு கலரு, காலர் ஒரு கலருன்னா வாங்குற பையர் எடுப்பானுங்களா?"

டாக்டரம்மா நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களை எடுத்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க தொழில்லயும் ஷேடு கார்டு இருக்குதுங்களா!" என்று பிடுங்கிக்கொண்டு, மகளையும் வாசல் வெயிலுக்கு இழுத்துப்போனார். "ஈ காட்டு கண்ணு." கைக்குட்டையால் பல்லைத் துடைத்தார். ஊதினார். மறுபடி துடைத்தார்.

"சார், பல்லை ஈரத்தோடதான் பாக்கணும்!"

"துணியை ஈரத்துல பாத்து ஓகே சொன்னா லாட்டே ரிட்டன் வந்துருமுங்க!"

வாதாடி அலுத்துப்போன டாக்டரம்மா, அவர் தேர்ந்தெடுத்த வெள்ளையில் அடைக்கிற பசை ஒரு துளியைப் பல்மேல் ஒட்டாமல் சும்மா வைத்துக் காட்டினார். துடைத்துத் துடைத்துக் காய்ந்து வெளுத்திருந்த பல் எச்சில் பட்டுத் தன் பழைய நிறத்துக்குத் திரும்ப, அந்தத் துளி மட்டும் சுண்ணாம்பாகத் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணாடியில் பார்த்த பிள்ளை சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் முகம் செத்துப்போனது. "ரிஜெக்டுங்க! நான் பாத்தது ரிஜெக்டு! நீங்களே பாருங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு மூலைக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா அந்தத் துளியைத் தட்டி எடுத்துவிட்டு, ஈரப் பல்லுக்கு நிறம் பார்த்து அடைத்து முடித்தார்.

"நீங்க பாருங்க, எனக்குத் தெகிரியமில்லீங்க" என்றார் அண்ணன் என்னிடம். பார்த்தேன். அடைத்தது எந்தப் பல் என்றே தெரியவில்லை. அதைச் சொன்னதும் பாய்ந்து வந்தார். ஜன்னலோரம் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை, செல்போன் டார்ச்சில் ஒருமுறை என்று மகளின் பல்லைத் துருவினார்.

"அப்பா, அது இல்லீங்க! பக்கத்துப் பல்லுங்க!"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், வாயைப் பொத்தாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு! அண்ணன் டார்ச்சை அணைக்கவும் மறந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த மனுஷனை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.