பாலத்தாரும் அவருடைய கால்வாய்ப் பாலமும்

ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் வீடு வைத்திருக்கும் தமிழர் உண்டு, கடை வைத்திருப்பவர் உண்டு, கோயில் வைத்திருப்பவரும் உண்டு. பாலம் வைத்திருந்தவர் ஒருவர்தான். அதுவும் இங்கிலாந்தில்.

எங்கள் வெக்ஸ்போர்ட் கட்டடத்தில் அவருக்குப் பெயர் பாலத்தார். சொந்தப் பெயர் தபால்பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை வாசித்தவர் தபால்காரர் மட்டும்தான். கனடாவுக்கு வருமுன் ஒன்பது வருடம் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தவர். அந்த ஊரின் நடுவே ஒரு பழைய கால்வாய் போகிறது. குதிரைகள் கரையில் நடந்து நிலக்கரிப் படகுகளை இழுத்த காலத்தில் வெட்டியது. அதன் மேல் முதுகு வளைந்த ஒரு செங்கல் பாலம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம் பாலத்தாரின் வாடகை அறை, அந்தப் பக்கம் அவர் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலை. அவ்வளவுதான் சம்பந்தம்.

ஆனால் அவர் கதைப்பதைக் கேட்டால், செங்கல்லைச் சுட்டதே அவர்தான் என்று நினைப்பீர்கள்.

ஒருமுறை லிஃப்ட் பழுதாகி, மரக்கறிப் பைகளோடு நாங்கள் ஒன்பதாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தோம். பாலத்தார் நடுப்படியில் நின்று எல்லோரையும் மறித்தார். "அந்தப் பாலம் எவ்வளவு காலமா நிக்குது தெரியுமோ? ஒருநாள் எண்டாலும் 'பழுது' எண்டு மட்டை தொங்கினதோ?" பின்னால் தயிர் வாளியோடு நின்ற பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

நயாகராவுக்குக் கூட்டிப்போனோம். உலகமே வாயைப் பிளந்து நிற்கும் இடம். பாலத்தார் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "தண்ணி கூடிப்போச்சு. ஒரு ஒழுங்கு இல்லை. எங்கட கால்வாயிலை தண்ணி சொன்ன இடத்திலை நிக்கும்."

ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்த அவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். செங்கற்கள் ஒன்றில் ஒன்று சாய்ந்து வளைவைத் தாங்குவதை விளக்கத் தொடங்கினார். இல்லறத்தோடு இணைத்து முடிப்பார் என்று சபை காத்திருந்தது. அவர் இணைக்கவில்லை. வீடியோக்காரர் கமராவை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மனைவி பவளம் அன்ரி பொறுமைசாலி. "நான் இவருக்கு ரெண்டாந்தாரம். மூத்தவ அங்க கால்வாயிலை குனிஞ்சுகொண்டு நிக்கிறா" என்பார்.

அந்த மூத்தவளுக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு லொறி, போகக்கூடாத வழியில் போய், பாலத்தின் கைச்சுவரை இடித்துக் கால்வாய்க்குள் தள்ளிவிட்டது. பழைய சினேகிதர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பாலத்தை மூடிவிட்டார்களாம். உடைத்துவிட்டு, இரண்டு வாகனம் எதிரெதிரே போகக்கூடிய அகலமான பாலம் போட வேண்டும் என்று ஊரில் ஒரு பகுதியார் நிற்கிறார்களாம்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டினார். சவரம் செய்யவில்லை. கையில் ஃபைல்.

"தம்பி, நீர்தானே இந்தக் கட்டடத்துக்கே இங்கிலீசிலை கடிதம் எழுதுறனீர். அந்தக் கால்வாயைப் பராமரிக்கிற கந்தோருக்கு ஒண்டு எழுதவேணும்."

"அண்ணை, நாங்கள் அந்த ஊர்ச் சனம் இல்லையே. எங்களை ஆர் கணக்கெடுப்பினம்?"

"எழுதும் காணும். கணக்கெடுக்கிறதும் விடுறதும் அவையின்ரை குணம்."

எழுதினேன். அத்தோடு விடவில்லை. கையெழுத்து வேட்டைக்கு இறங்கினார். ஸ்காபரோவின் மல்வேர்னிலும் வோபர்னிலும் தமிழ்க் கடை வாசல்களில் கிளிப் வைத்த அட்டையோடு நின்றார்.

"எந்தப் பாலம் அண்ணை, நாலு-பூச்சியம்-ஒண்டு ஹைவேக்கு மேலை போறதோ?"

"இல்லை, இங்கிலாந்திலை."

"அப்ப எனக்கென்ன?"

"உமக்கு ஒண்டுமில்லை. கையெழுத்தை வையும்."

பேனையை வாங்கினார்கள். வைத்தார்கள். பாதிப்பேர் பஸ் சேவைக்கு என்று நினைத்து வைத்தார்கள். ஒருவர் வாடகை உயர்வை எதிர்த்து இரண்டு தடவை வைத்தார்.

கந்தோரிலிருந்து என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. பொதுக்கூட்டத்தை இணையத்தில் நடத்துகிறார்களாம், விரும்பினால் மூன்று நிமிடம் பேசலாமாம். அங்கே மாலை, எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். பாலத்தார் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, நான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோன லப்டொப்பின் முன் உட்கார்ந்தார். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் வெள்ளைக்கார முகங்கள். ஒரு பெட்டியில் நாய் மட்டும் இருந்தது.

ஒருவர் பின் ஒருவராக, வேலைக்குப் பிந்துகிறது, அவசர வாகனம் சுற்றிப் போகிறது என்று அகலப் பாலத்துக்காகப் பேசினார்கள். பேச்சில் நியாயம் இருந்ததுதான் எனக்குக் கவலை. பாலத்தாரின் முறை வந்தது. செங்கல் அளவிலிருந்து தொடங்கப்போகிறார், மூன்று நிமிடத்தில் அத்திவாரத்தைக்கூடத் தாண்டமாட்டார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"நான் உங்கட ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. கடையிலை இல்லை, பஸ்ஸிலை இல்லை, பக்கத்து அறையிலை இல்லை. குறை சொல்லேல்லை, அது உங்கட பழக்கம். ஆனா அந்தப் பாலத்திலை ரெண்டு பேர் ஒரே நேரம் போகேலாது. நான் சைக்கிளிலை வந்தா, எதிரிலை வாறவர் காரை நிப்பாட்டிப்போட்டு, 'நீ வா' எண்டு கை காட்டுவார். நானும் கை காட்டுவன். ஒரு நாளைக்கு ரெண்டு தரம். அந்தக் கைக்காகத்தான் நான் காலமை எழும்பினது. அகலப் பாலம் போட்டா வேலைக்கு நேரத்துக்குப் போகலாம். ஆரும் ஆருக்கும் நிக்கத் தேவையில்லை. அவ்வளவுதான்."

ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டார். பாலத்தைப் பற்றி அவர் சுருக்கமாகப் பேசியது வாழ்க்கையில் அது ஒருமுறைதான். சமையலறை வாசலில் நின்ற பவளம் அன்ரி கரண்டியோடு அசையாமல் நின்றார். அவரும் இதை இப்போதுதான் கேட்கிறார் போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பாலத்தைப் பழையபடி செங்கல்லாலேயே திருத்துவதாகக் கடிதம் வந்தது. அதுவும் என் மின்னஞ்சலுக்குத்தான். பாலத்தார் கட்டடத்தின் விருந்து மண்டபத்தில் ரோல்ஸும் வடையும் வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். என்ன கொண்டாட்டம் என்று தெரியாமலே பாதிப்பேர் வந்தார்கள். ரோல்ஸ் நல்ல ரோல்ஸ்.

"தம்பி, எல்லாருக்கும் தமிழிலை வாசியும்."

எழுந்து நின்று ஃபோனைப் பார்த்தேன். கடிதத்தின் இரண்டாவது பந்தியில் ஒரு சங்கதி இருந்தது: அந்தப் பாலம் பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம், சட்டப்படி அதை உடைக்க ஒருபோதும் வழியே இருக்கவில்லை, கூட்டம் ஊராரின் கருத்தறிய மட்டுமே நடந்தது. பேசியவர்களைப் பற்றி எங்கும் ஒரு வரியும் இல்லை.

பாலத்தார் கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அதே கோட்டு.

நான் முதல் பந்தியை மொழிபெயர்த்தேன். இரண்டாவதை விட்டுவிட்டு, நிறுத்தாமல் தொடர்ந்தேன்: "ரொறன்ரோவிலிருந்து பேசிய ஐயாவின் வார்த்தைகளே எங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தன."

மண்டபம் கைதட்டியது. பாலத்தார் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அந்தக் கடைசி வசனத்தை இன்னொருக்கா வாசியும்."

வாசித்தேன். இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம் நன்றாக வந்தது.