ஆக்சிஜன் சாரும் கேதார்நாத் தலைவலியும்

தாம்பரத்திலிருந்து பீச் வரை எலெக்ட்ரிக் டிரெயினில் மூச்சு விட்டுக்கொண்டு போன அத்தனை பேரிலும், மூச்சு விடுவதைப் பற்றி யோசித்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் கிளார்க், ஆக்சிஜன் சார்.

பட்டாளத்தில் இமயமலை உச்சியில் எங்கோ ஸ்டோர்ஸ் பார்த்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில் குடியேறியவர். உடம்பு கீழே வந்துவிட்டதே தவிர மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஒரு தடவை தாம்பரம் பக்கத்துப் பச்சைமலைக்கு ஆபீஸ் பிக்னிக் போனோம். தேங்காய் சாதம் ஆறுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம், அவ்வளவுதான் அந்த மலை. பாதியில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார்.

"உடம்பு பழகணும் சார்! அவசரப்பட்டு ஏறினவன் எவனும் உருப்பட்டதில்லை. தண்ணி குடிங்க!"

மேனேஜர் உள்பட எல்லோரும் மடக் மடக்கென்று குடித்தோம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது தேங்காய் சாதம் ஊசிப்போயிருந்தது.

பரங்கிமலையில் இன்னும் மோசம். படிக்கட்டில் ஒரு அம்மாளைப் பார்த்து அலறினார்.

"உதடு நீலம்! ரத்தத்துல காத்து பத்தலை! எறக்குங்க, உடனே எறக்குங்க!"

அந்த அம்மாளின் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டினான். "யோவ், இன்னாய்யா பேஜாரா கீது! நாவப்பழம் துன்னா உதடு இன்னா வெள்ளையாவா இருக்கும்?"

சார் அசரவில்லை. "சரி, உதடு நாவப்பழம். மூச்சு வாங்குதே, அது?"

"ஒன்னப் பாத்துதான்யா!"

இப்படிப்பட்டவரோடுதான் எழுபதுகளில் நானும் என் அண்ணனும் கேதார்நாத் போனோம். அண்ணிக்கு உடம்பு தேறினால் வருவதாக அண்ணன் வேண்டிக்கொண்டிருந்தான். அண்ணி தேறிவிட்டாள். விஷயம் காதில் விழுந்ததும் சார், "எனக்கும் ரொம்ப நாளா அந்தச் சாமியைப் பாக்கணும்னு ஆசை" என்று லீவு போட்டுவிட்டுத் தானே வந்து ஒட்டிக்கொண்டார். அண்ணன் வாலிபால் பிளேயர். குரோம்பேட்டையில் அவன் ஸ்மாஷ் அடித்தால் பல்லாவரத்தில் கேட்கும். மலையடிவாரத்தில் ஒரு நாள் தங்கி, உடம்பு பழகியதும் ஏறலாம் என்று சார் கெஞ்சியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கோயிலுக்குக் கொஞ்சம் கீழே அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வாய் நல்ல காபி கிடையாது. அதனால் வந்த தலைவலி என்று அவனும் சொன்னான், நானும் சொன்னேன், பின்னால் வந்த மாம்பலத்துக் கோஷ்டியும் ஒரே குரலில் சொன்னது.

சார் பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தார். திறந்ததும் ஃபில்டர் காபி வாசனை; ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியில் விடியற்காலை யாருக்கும் தெரியாமல் போட்டது. மாம்பலம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"யாருக்கும் கிடையாது! இது மருந்தில்ல, டெஸ்ட்டு. நம்ம ஆளுங்களுக்கு இது காபித் தலைவலியா, காத்து பத்தாத மலைத் தலைவலியான்னு கண்டுபிடிக்க வேற வழியே இல்ல. குடிப்பா."

அண்ணன் குடித்தான். சற்று நேரம் காத்திருந்தோம். தலைவலி கூடியது, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. சார் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது.

"எழுந்திரு. ஒரு பாதத்தை ஒட்டி அடுத்த பாதம் வச்சு நேரா நட."

குடிகாரனைப் போல அண்ணன் பக்கவாட்டில் சாய்ந்தான்.

"எறங்கு" என்றார் சார்.

"கோயில் தெரியுது சார்! இதோ இருக்கு!"

"தெரியட்டும். எறங்கு."

"படுத்தா சரியாயிடும் சார். நான் வாலிபால் ஆடற உடம்பு..."

"உடம்பு பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. எங்க கேம்ப்ல ஒருத்தன் பயில்வான். தலைவலிதானேன்னு படுத்தான். எழுந்திருக்கவே இல்ல." பிளாஸ்கைத் திருகி மூடினார். "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்குத் தெரியும். உன்னை விட மாட்டேன்."

வேண்டுதல் பாதியில் நின்றுவிடுமே என்று அண்ணன் அழுதான். "அதுக்கு உன் தம்பி இருக்கான், அவன் பாத்துட்டு வருவான்" என்று சொல்லி, ஒரு மட்டக்குதிரையைப் பிடித்து அண்ணனை ஏற்றினார். அவன் சாயாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கோயிலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கூடவே இறங்கிப் போனார்.

சந்நிதியில் பண்டா, அதாவது அந்த ஊர் அர்ச்சகர், பெயர் கேட்டார். அண்ணன் பெயர் சொன்னேன், அண்ணி பெயர் சொன்னேன். மூன்றாவது பெயருக்கு வந்தபோது, இருந்த பதற்றத்தில் நிஜப் பெயர் வாயில் வரவில்லை. "ஆக்சிஜன்" என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார்.

நான் அடிவாரத்துக்கு ஓடி வந்து சேர்ந்தபோது, சப்பாத்தி பத்தவில்லை என்று கடைக்காரனோடு அண்ணன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. சாரிடம் விபூதியைக் கொடுத்து, அர்ச்சனையில் நடந்ததைச் சொன்னேன்.

"பரவால்லப்பா" என்று சிரித்தார். "அந்த உயரத்துல சாமிக்கும் அது கொஞ்சம் தேவைதான்."

இன்றைக்கும் எந்தக் கோயிலில் அர்ச்சகர் பெயர் கேட்டாலும், வீட்டு மனுஷர்கள் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.